பதினாறு வயது மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூட விடுமுறைக்கு என் தங்கச்சி லண்டனிலிருந்து குடும்பத்தோடு வந்து வெள்ளவத்தையில் என் வீட்டில் மூன்று கிழமை நின்றாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அதில் நான் தனியாக இருந்து பழகியிருந்தேன். திடீரென்று குளியலறை வாசலில் ஆள் காத்து நின்றது, சாப்பாட்டு மேசையில் கதிரை போதவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது அப்போது. கோட்டையில், கப்பலில் வரும் சரக்குகளுக்குக் கடதாசி வேலை செய்யும் ஒரு கம்பனியில் இருபது வருடமாக வேலை. அந்த மூன்று கிழமைக்கும் லீவு போட்டிருந்தேன்.

தங்கச்சியின் மகன் தன் லப்டொப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு கேம் விளையாடுவான். ஒரு பெண் குதிரையில் ஏறிப் பனிமலைகளில் திரிகிற கேம். ஒருநாள், "பெரியம்மா, ட்ரை பண்ணுங்கோ" என்று மௌஸை என் கையில் தந்தான். அன்று நான் குதிரையை மூன்று தரம் ஆற்றில் விழுத்தினேன். அவன் சிரித்துக் களைத்துப் போனான்.

லண்டன் நேரத்தில் பழகியவர்கள் பகல் பதினொரு மணி வரை நித்திரை கொள்வார்கள். எனக்கோ ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிடும். தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு, அவர்கள் எழும்பும்வரை அந்தக் குதிரையோடு திரிவேன். சண்டை வந்தால் ஓடிவிடுவேன். மலை உச்சிக்கு ஏறி, அங்கே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபக்கம் இறங்குவேன். யாரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. வெள்ளவத்தையில் கீழே பாண் வாங்கப் போனாலும் இரண்டு பேர் கேட்பார்கள்.

அவர்களை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த அன்று படுக்கை விரிப்புகளைத் தோய்த்துப் போட்டேன். தங்கச்சியைத் தேடியது. பிள்ளைகளைத் தேடியது. சொல்ல வெட்கம், அந்தக் குதிரையையும் தேடியது. இரண்டு கிழமைக்குப் பிறகும் அது போகவில்லை. அப்போதுதான் முடிவெடுத்தேன், எனக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவதென்று.

கடையில் முழுதாகக் கிடைக்கும் கம்ப்யூட்டரின் விலையைப் பார்த்துவிட்டு, பாகம் பாகமாக வாங்கி நாமே ஒன்றோடொன்று பூட்டினால் காசு மிச்சம் என்று இணையத்தில் படித்தேன். மத்தியான இடைவேளையில், சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்து அந்த வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். எந்த ப்ரொசஸர், எந்த மதர்போர்ட், ராம் ஒன்றா இரண்டா, பவர் சப்ளை எவ்வளவு வேண்டும். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. அலுவலகத்தில் யாரும் என்ன பார்க்கிறாய் என்று எட்டிப் பார்க்கவில்லை. ஏதோ நாடகம் என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டடத்துக்குப் போனேன். ஒரு கடையில் இளம் விற்பனையாளன் ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

"புதாட்டத, மேடம்?"

மகனுக்கா என்று.

"நே, மட்ட," என்றேன். இல்லை, எனக்கு.

அவன் சிரிக்கவில்லை. அவ்வளவு மரியாதையைக்கூட நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் உள்ளே போய் இன்னொருவனிடம் ஏதோ சொன்னான், அவன் தலையை நீட்டி என்னைப் பார்த்தான், பிறகு மூன்றாவது ஒருவனும் பார்த்தான். நான் விலை எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு காலி வீதிக்கு வந்து பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளவத்தையிலேயே, ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்த சின்னக் கடைக்குப் போனேன். ஒடுங்கிய படி. மேலே ஒரு கண்ணாடி மேசை, சுவர் முழுக்கப் பெட்டிகள், பழுதுபார்க்க வந்த கம்ப்யூட்டர்கள் நிலத்தில். முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர், என் வயதுதான் இருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்றேன், அவர் என்னை அக்கா என்றார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்கவில்லை.

நான் எழுதிக் கொண்டுபோன பட்டியலை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"கேமிங்குக்கா? மகனுக்கா அக்கா?"

"ஓம்," என்றேன்.

ஒரு சொல்தான். பம்பலப்பிட்டியில் நீண்ட அந்தத் தலைகளை நினைத்துத்தான் சொன்னேன்.

"எத்தின வயசு?"

"பதினாறு."

"ஓ, அப்ப ஓ.எல். சோதின வருது. அதோட கேமும் வேணும்," என்று சிரித்தார். "பட்டியல் எழுதினது அவரா? நல்லாத் தேடித்தான் எழுதி இரிக்கார். ஆனா ரெண்டு பிழ இரிக்கி."

அந்தப் பிழைகளை அவர் ஆறுதலாக விளக்கினார். நான் எழுதிய ப்ரொசஸரில் படம் காட்டும் வசதி உள்ளேயே இருந்தது. படத்துக்கென்று தனியாக வி.ஜி.ஏ. கார்ட் வாங்குவதென்றால் அதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும், அது இல்லாததை எடுத்தால் மிஞ்சும் காசை கார்டில் போடலாம். மற்றது, பவர் சப்ளை. "மத்த எல்லாத்திலயும் மிச்சம் புடிங்க, இதில வேணாம். இது அடிச்சா எல்லாத்தையும் கொண்டு போகும்." பிறகு கேட்டார், "ஒரேயடியா வாங்கப் போறீங்களா?"

சம்பளத்துக்குச் சம்பளம் வாங்குவதாகத்தான் என் எண்ணம் என்றேன். வாங்கி வைக்கிற நாளிலிருந்தே உத்தரவாதம் கழியும், அது புத்தியில்லை என்று முதலில் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பரவால்ல. கேசிங்கிலயும் ராமிலயும் தொடங்குவோம். கார்டக் கடைசிக்கு வைங்க. அதுக்குள்ள வெல எறங்கும், இல்லாட்டி வெளிநாடு போற யாராவது விப்பாங்க," என்றார்.

அப்படித்தான் நான் நாலு மாதம் சனிக்கிழமைகளில் அந்தப் படி ஏறியது. வாங்க எதுவும் இல்லாத சனிக்கிழமையிலும் ஏறினேன். அவர் கீழேயிருந்து பிளேன்டீ எடுப்பிப்பார். நான் கண்ணாடி மேசைக்கு முன்னால் இருந்த உயரமான ஸ்டூலில் இருப்பேன். அவர் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே என் மகனைப் பற்றிக் கேட்பார்.

என் மகன் கொஞ்சம் கொஞ்சமாக உண்டானான். அதிகம் கதைக்க மாட்டான் என்றேன். கணக்கு வரும், வரலாறு வராது. மீன் சாப்பிட மாட்டான். சண்டை கேம் பிடிக்காது, திரிகிற கேம்தான் பிடிக்கும். இதையெல்லாம் நான் யோசித்துச் சொல்லவில்லை, கேட்கக் கேட்க வாயில் வந்தது. தகப்பன் எங்கே என்று அவர் கேட்கவேயில்லை. நான் ஒருபோதும் சொல்லாததால் ஏதோ துக்கம் என்று விளங்கிக்கொண்டிருப்பார். படியிறங்கி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே, நாளைக்கு அவனைப் பற்றி என்ன கேட்பார் என்று மனம் போகும். மீன் கடையில் நிற்கும்போது ஒருநாள், "அவன் சாப்பிட மாட்டானே" என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு என்னிடமே பயம் வந்தது.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. கடைக்கு வேறு யாரும் வரவில்லை. நானா ஒரு மதர்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார்.

"அக்கா, ஒங்கட மகன் ஒங்களோட கதைப்பாரா?"

"கொஞ்சம் கதைப்பான்."

"எண்ட மகனுக்கும் பதினாறுதான். வீட்ட போனா ரூமுக்குள்ள. ஹெட்செட் போட்டுக்கிட்டு யாரோடயோ கதைக்கிறார், சிரிக்கிறார். நான் கதவத் தொறந்தா சத்தம் நிண்டுரும். நான்தான் அந்த மெஷின அவருக்குப் பூட்டிக் குடுத்தது. இந்தக் கையாலதான்." துணியை மடித்து வைத்தார். "ஏசினேன். வயரப் புடுங்கினேன். உம்மாவ விட்டுக் கதைக்கச் சென்னேன். ஒண்டும் சரிவரல்ல. நீங்க என்ன செய்வீங்க?"

எனக்கு எழும்பி ஓட வேண்டும்போல இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தாய் ஒரு தகப்பனுக்குப் பதில் சொல்வாள் என்று.

"ஒண்டும் கேக்காதேங்கோ நானா," என்றேன். "அவர் விளையாடேக்க ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில இருங்கோ. சும்மா பாத்துக்கொண்டு இருங்கோ. எழுப்பிவிட்டாலும் அடுத்த நாளும் போய் இருங்கோ."

"சும்மா இரிக்கிறதா?"

"ஓம். சும்மா."

சரி என்று தலையாட்டினார். நான் மழை விடுமுன்பே குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன்.

கார்ட் கொட்டாஞ்சேனையில் கிடைத்தது. இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தவர் ஒரு கிழமையில் ருமேனியாவுக்கு வேலைக்குப் போகிற ஒரு கலியாணம் முடித்த பொடியன். மனைவி நிலத்தில் இருந்தபடி சூட்கேசை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டைக் கழற்ற முன் வேலை செய்கிறதென்று காட்டவேண்டும் என்று, அவன் ஒரு கேமை ஓடவிட்டான். அரை மணித்தியாலம் ஓடட்டும், சூட்டைப் பாருங்கோ அக்கா என்றான். நானா சொல்லிவிட்டபடி, காற்றாடியில் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன்.

"யாருக்கு அக்கா?"

ஏனோ தெரியாது, அங்கே எனக்குப் பொய் வரவில்லை. "எனக்குத்தான்," என்றேன்.

"என்ன விளையாடுவீங்க?" அவ்வளவுதான் கேட்டான். நான் அந்தக் குதிரைக் கேமைச் சொன்னேன். "அது சுப்பர். வடக்குப் பக்கம் ஒரு ஏரி இருக்கு, போனீங்களா?" என்றான். இல்லை என்றேன். போங்கோ என்றான். அவன் மனைவி, "இவர் பிளேனில ஏறுற வரைக்கும் இதைத்தான் கதைப்பார்," என்று சொல்லி எனக்குச் சோடா ஊற்றித் தந்தாள். கார்டைக் கழற்றிப் பழைய டவலில் சுற்றித் தரும்போது அவன் ஒரு தரம் அதைத் தடவினான்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, உண்மையைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று யோசித்தேன். நானாவிடமும் இப்படிச் சொல்லலாம் என்று யோசித்தேன். சொன்னால் அந்தப் பதினாறு வயதுக்காரன் போய்விடுவான் என்பதும் அந்த பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது.

எல்லாம் சேர்ந்ததும் பூட்டித் தரும்படி நானாவிடம் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார்.

"என்னக்கா, அந்தச் சந்தோசத்த மகன்ட கையில இருந்து பறிக்கிறதா? அவர் பூட்டட்டும். நீங்க பக்கத்தில இருந்து பாருங்க. நீங்கதானே எனக்குச் சென்னீங்க." பெட்டிகளை நூலால் கட்டித் தந்தார். ஒரு நல்ல ஸ்க்ரூ ட்ரைவரையும், மகனுக்கு என்று சொல்லி, காசு வாங்காமல் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் துணி விரித்துத் தொடங்கினேன். வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, பூட்டி, திரும்ப ஓடவிட்டு. ப்ரொசஸரை இருத்த முன் அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் பார்த்தேன். ராமை அழுத்தும்போது முறிந்துவிடும்போல ஒரு சத்தம். மத்தியானம் சமைக்கவில்லை, பிஸ்கட்தான். ஒரு திருகாணி அலுமாரிக்குக் கீழே ஓடிப் போனது. நிலத்தில் படுத்து விளக்குமாற்றுத் தடியால் அதை எடுத்தபோது, "கிடைச்சிட்டுது" என்று சத்தமாகச் சொன்னேன். வீட்டில் யாரும் ஓம் என்று சொல்லவில்லை.

நாலு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். காற்றாடிகள் சுற்றின, விளக்கு எரிந்தது. மொனிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. எல்லா வயரையும் கழற்றிக் குத்தினேன். கறுப்பு. நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"மெஷின் ஓடுதா? காத்தாடி சுத்துதா? அப்ப பயப்பட வேணாம். போனை மகன்ட்ட குடுங்க, நான் ஒவ்வொண்டாக் கேக்குறேன்."

"அவன்... டியூஷனுக்குப் போட்டான்."

"ஞாயித்துக்கிழமயா? சரி, வந்தோடன எடுக்கச் செல்லுங்க."

எடுக்க அங்கே யாரும் இல்லை. அடுத்த சனிக்கிழமை வரை அந்தக் கம்ப்யூட்டர் மேசையில் கிடந்தது. நான் குசினியில் நின்று சாப்பிட்டேன். சனி காலையில் அதைப் போர்வையால் சுற்றி, த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த ஒடுங்கிய படியில் ஐந்து படிக்கு ஒருதரம் இறக்கி வைத்து ஏற்றினேன்.

நானா தன் மொனிட்டரின் வயரை எடுத்துப் பின்னால் குத்தினார். சுவிட்சைப் போட்டார். உடனே படம் வந்தது.

"ஒண்டும் பிழ இல்ல!" என்று சிரித்தார். "ஒங்கட மகன் வயர மதர்போர்டில குத்தி இரிப்பார். இந்தா, கீழ இரிக்கே கார்ட், இதிலதான் குத்தணும். இந்த ப்ரொசஸர்ல படம் வராதே. எல்லாரும் முதல் தரம் செய்ற வேலதான், ஏசிறாதீங்க. ஆனா பூட்டினது என்ன சுத்தம் பாருங்க, வயரெல்லாம் எவ்வளவு அழகாக் கட்டி இரிக்கார். ஒருக்காக் கூட்டிக்கிட்டு வாங்க அக்கா. நான் அவரப் பாக்கணும்."

அந்தப் பாராட்டு எனக்குரியது. அதுதான் தாங்க முடியாமல் போனது என்று நினைக்கிறேன்.

"நானா, அது நான் பூட்டினது."

"நீங்களா? மகன் பூட்டல்லயா?"

"மகன் இல்லை."

"டியூஷனா?"

"இல்லை நானா. எனக்கு மகனே இல்லை. நான் கலியாணம் செய்யேல்லை. கம்ப்யூட்டர் எனக்குத்தான். முதல் நாள் நீங்கள் கேட்டீங்கள், வெட்கத்தில ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தினார். காற்றாடிகள் சுற்றி ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தொழுதுட்டுக் கேக்குற துஆவில ஒங்கட மகனையும் சேத்துத்தான் கேட்டேன்," என்றார். "சோதின வருதே எண்டு."

கோபமாகச் சொல்லவில்லை. நான் மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

"அப்ப, பக்கத்தில இரிக்கச் சென்னது?"

"அது..." போர்வையை மடிக்கத் தொடங்கினேன். "எனக்கு அப்பிடி யாரும் வந்து பக்கத்தில இருந்தா நல்லா இருக்கும் எண்டு நினைச்சன். அதைச் சொன்னன்."

அவர் கண்ணாடி மேசையில் விரலால் எதையோ துடைத்தார். "மூணு கிழம இருந்தேன். போன கிழமதான் என்னோட ஒரு வார்த்த கதைச்சார்."

"என்ன சொன்னவர்?"

"'வாப்பா, கால மடக்குங்க, வயர் இழுபடுது' எண்டு."

சிரிப்பதா என்று அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திரும்பப் போர்வையில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு படியிறங்கி, த்ரீவீலருக்குள் வைத்தார். காசு எடுக்கவில்லை.

"கவனம், மிஸ்," என்றார்.

அதுவரைக்கும் நான் அக்கா.

அன்று பின்னேரம் குதிரை என் வீட்டில் ஓடியது. படம் நல்ல துப்புரவு, லப்டொப்பைவிட. மூன்று மணித்தியாலம் விளையாடினேன், அழவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு மீனைப் பொரிக்கும்போது, வீட்டில் முந்தி இருந்ததைவிட ஒரு ஆள் குறைந்துபோனது எனக்குத் தெரிந்தது. யாரிடம் போய் இந்தத் துக்கத்தைச் சொல்ல முடியும்? திங்கட்கிழமை மத்தியானம் தங்கச்சியிடம் போனில் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் சொன்னேன். "அக்கா, உங்களுக்கு விசரா?" என்றாள். அவளுடைய மகன் பின்னாலிருந்து என்ன கார்ட் என்று கேட்டான். சொன்னேன். நல்ல கார்ட் என்றான். பிறகு அவனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து மௌஸ் பழுதாகிப்போனது. வேறு கடைக்கும் போயிருக்கலாம், அந்தப் படிதான் ஏறினேன். நானா மரியாதையாக மூன்று மௌஸ்களை எடுத்து வைத்தார். எது நல்லது என்று சொன்னார். பிளேன்டீ வரவில்லை. ஸ்டூலில் யாருடையதோ பிரிண்டர் இருந்தது.

"மகன் எப்பிடி நானா?"

"நல்லா இரிக்கார் மிஸ்," என்று சொல்லி பில்லை எழுதத் தொடங்கினார்.

நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை நானேதான் இல்லாமல் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. சேலைக் கடைக்கு முன்னால் நடக்கும்போது சில நேரம் மேலே பார்ப்பேன். டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும்.

இப்போதும் சனி, ஞாயிறுகளில் விளையாடுகிறேன். போன மாதம் ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கினேன். அடுத்த நாள் லிஃப்டில் நாலாம் மாடி அம்மா என்னிடம், "உங்கட வீட்டில யாரோ பிள்ளையள் வந்து நிக்கினமோ? நெடுகச் சத்தம் கேக்குது," என்றார்.

"இல்லை அன்ரி," என்றேன். "நான்தான் கேம் விளையாடுறனான்."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, தண்ணி மோட்டர் திரும்பவும் பழுதாம், தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது.